வரைபடத்தில் மஞ்சள் புள்ளிகள்



வரைபடம் என்றதும் ஊர், ஆறு, சாலை ஆகியவைதான் நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவின் நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாற்றுப் பேராசிரியர் லிண்டல் ரயனும் அவருடைய குழுவினரும் 2017ஆம் ஆண்டு இணையத்தில் வெளியிட்ட வரைபடம் வேறு வகையானது. அந்நாட்டின் பூர்வகுடியினர் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்ட இடங்களை அது மஞ்சள் புள்ளிகளால் காட்டுகிறது. குடியேறிகள் கொல்லப்பட்ட இடங்களுக்கு நீலப் புள்ளி. அவை மிகச் சிலவே.

எதைப் படுகொலை என்று கணக்கில் கொள்வது? தற்காத்துக்கொள்ள வழியற்ற ஆறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே நிகழ்வில் கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று அக்குழு வரையறுத்தது. ஏன் ஆறு? ஏறத்தாழ இருபது பேர் சேர்ந்து வாழும் ஒரு கூட்டத்தில் ஆறு பேரை ஒரே நாளில் இழந்தால், எஞ்சியவர்கள் உணவு தேடிப் பிழைத்திருப்பதே அரிதாகிவிடும்.

1838ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், நியூ சவுத் வேல்ஸில் உள்ள மையல் கிரீக் கால்நடைப் பண்ணையில் அமைதியாகத் தங்கியிருந்த விர்ராயராய் மக்கள் குறைந்தது 28 பேர், கயிற்றால் கட்டி இழுத்துச் செல்லப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வெளியே சென்றிருந்த பண்ணை மேற்பார்வையாளர் திரும்பி வந்து, நடந்ததை மறைக்காமல் புகார் செய்தார். (அந்தக் காலத்தில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.) முதல் விசாரணையில் 11 பேர் விடுதலையாயினர். மறு விசாரணைக்குப் பின் அவ்வாண்டு டிசம்பரில் எழுவர் தூக்கிலிடப்பட்டனர். கூட்டத்திற்குத் தலைமை தாங்கிய பண்ணைக்காரர் மட்டும் பிடிபடவே இல்லை.

நீதி கிடைத்தது என்று மகிழ்வதற்கில்லை. இனி வாய் திறக்கக்கூடாது என்பதே குடியேறிகள் பலர் அந்தத் தூக்குக் கயிற்றிலிருந்து கற்ற பாடம். கொலைகள் நிற்கவில்லை, செய்திதான் நின்றது. ஆகவே ஆய்வாளர்கள் பழைய நாளிதழ், கடிதம், நாட்குறிப்பு, முதுமையில் எழுதப்பட்ட நினைவுக் குறிப்பு, பூர்வகுடியினர் வாய்மொழியாகக் காத்துவந்த செய்தி எனப் பலவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியிருந்தது. சான்றின் வலிமைக்கேற்ப ஒவ்வோர் இடத்திற்கும் ஒன்று முதல் மூன்று நட்சத்திரம் வரை தரப்பட்டுள்ளது. புள்ளியைத் தட்டினால் சான்றுகளின் விவரம் திரையில் விரியும்.

இதன் அருமை புரிய வேண்டுமானால் 2002ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கீத் விண்ட்ஷட்டில் என்பவர், இந்தக் கொலைக் கணக்குகள் வரலாற்றாசிரியர்கள் புனைந்தவை என்று நூல் எழுதினார். ரயனின் ஆய்வையும் சாடினார். நாளிதழ்களில் நீண்ட சண்டை நடந்தது. புத்தகத்தின் அடிக்குறிப்பை எத்தனை பேர் புரட்டிப் பார்ப்பார்கள்? வரைபடத்திலோ பள்ளி மாணவரும் தம் ஊருக்கு அருகிலுள்ள புள்ளியைத் தட்டிப் பார்த்துச் சான்றை எடைபோடலாம்.

தனித்தனியாகப் படிக்கும்போது தெரியாத ஒன்று, ஆண்டு வாரியாகப் புள்ளிகளைச் சேர்க்கும்போது தெரிந்தது. ஆடுமாடுகள் எந்தத் திசையில் புல்வெளி தேடிச் சென்றனவோ, அந்தத் திசையிலேயே கொலைகளும் சென்றன. 2022இல் இறுதிக் கட்டம் வெளிவந்தபோது, 1788 முதல் 1930 வரை 400க்கும் மேற்பட்ட இடங்கள் பதிவாகியிருந்தன. கொல்லப்பட்ட பூர்வகுடியினர் 10,000க்கும் மேல். ஏறத்தாழப் பாதிப் படுகொலைகளில் காவல்துறையினர் முதலான அரசு ஆட்களே ஈடுபட்டிருந்தனர். வடபகுதியில் கோனிஸ்டனில் 1928ஆம் ஆண்டு நடந்த கொலைகளுக்குத் தலைமை தாங்கியவரும் ஒரு காவலர்தான். இறந்தோர் 31 பேர் என்ற அரசு விசாரணை, கொன்றது சரியே என்றும் முடிவு கூறியது.

ரயன் 2024ஆம் ஆண்டு காலமானார். அவர் குழு விட்டுச் சென்ற வரைபடத்தில் எந்தப் புள்ளியும் மிகச் சரியான இடத்தில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கும். மாண்டவர்களின் வழிவந்தோருக்கு அந்த இடங்கள் துக்கத்திற்குரியவை. வேடிக்கை பார்க்க யாரும் அங்கே போய் நின்றுவிடக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.