துக்கத்தில் பிறந்த பாடல்



நற்செய்தி இசையின் தந்தை என்று அழைக்கப்படும் தாமஸ் ஏ. டார்சியைக் குறித்து இன்று சிந்திப்போம்.

இவர் 1899-ம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஒரு கறுப்பினப் பிரசங்கியாரின் மகனாகப் பிறந்தார். வாலிபத்தில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் 'ப்ளூஸ்' இசையைக் கேளிக்கை அரங்குகளில் வாசித்துப் புகழ்பெற்றார். பின்பு அதே இசையின் சாயலில் ஆண்டவருக்குப் பாடல்கள் இயற்றினார். உலக இசையின் வாடை வீசுகிறதென்று சிகாகோவின் சபைகள் பல அவற்றை முதலில் ஏற்க மறுத்தன. ஆயினும் அவர் ஊழியத்தை விட்டுவிடவில்லை.

1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் நகரில் எழுப்புதல் கூட்டத்தில் இருந்தபோது, அவருக்கு ஒரு தந்தி வந்தது. நிறைகர்ப்பிணியாகச் சிகாகோவில் விட்டுவந்த மனைவி நெட்டி பிரசவத்தில் மரித்துவிட்டார். பிறந்த ஆண் குழந்தையும் பிழைக்கவில்லை. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

தேவன் தமக்கு அநீதி செய்துவிட்டதாக டார்சி மனங்கசந்தார். இனி அவருக்குப் பாடுவதில்லை என்றும் எண்ணினார். சில நாட்களுக்குப்பின் பியானோ முன் அமர்ந்தபோது, பழைய ஞானப்பாட்டு மெட்டொன்றில் அவருடைய உள்ளம் ஜெபமாகப் பொங்கியது. 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்' பிறந்தது அப்படித்தான். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் அடக்க ஆராதனையில் மஹாலியா ஜாக்சன் பாடியதும் இதுவே. டார்சி 1993-ல், தமது 93-ம் வயதில் மரித்தார்.

பிரியமானவர்களே, மனைவியை இழந்த கணவன் வார்டு வாசலில் நின்று, "கடவுள் ஏன் இப்படிச் செய்தார்?" என்று கதறும்போது, "அப்படிப் பேசாதே, எல்லாம் தேவசித்தம்" என்று வாயடைக்கத் தோன்றும். டார்சியின் வாழ்க்கை நம்மைத் தடுக்கிறது. அவருடைய கசப்பைத் தேவன் பொறுத்துக்கொண்டார். அந்த உள்ளத்திலிருந்தே பலகோடிப் பேருக்கு ஆறுதல் வந்தது. ஆகவே நாம் முதலில் பக்கத்தில் உட்காருவோம், அழுகிறவரை அழவிடுவோம், கேட்டால் மட்டும் பேசுவோம்.

தாய்க்கு வேண்டிய இரத்தமும் மருந்தும் வேளைக்குக் கிடைக்க உங்கள் காணிக்கைகள் உதவுகின்றன. அவையெல்லாம் கிடைத்தும் காப்பாற்ற முடியாத இரவுகள் உண்டு. அந்த இரவுகளில் கைப்பிடித்து உட்கார ஒருவர் இருப்பதும் உங்கள் காணிக்கையின் பலனே.

சகல ஆறுதலின் தேவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.