பிள்ளைத்தாச்சியும் வயித்துக் கோளாறும்

இன்னைக்குக் கூச்சப்படாம வயித்தைப் பத்திப் பேசுவோம்.

சிலருக்குச் சாப்பிட்டதும் வயிறு முறுக்கும், கக்கூஸுக்கு ஓடணும். சிலருக்கு நாலு நாளானாலும் போகாது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. இதை ஐ.பி.எஸ். என்கிறார்கள். குடல் புண்ணாவதில்லை, அதன் அசைவுதான் தாறுமாறாகிறது.

கர்ப்பத்தில் புரொஜெஸ்டிரான் ஹார்மோன் கூடி, குடல் மந்தமாகும். அடிக்கடி போகிறவர்களுக்குச் சற்று நிம்மதி கிடைக்கலாம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குத் திண்டாட்டம். இரும்புச்சத்து மாத்திரையும் சிக்கலைக் கூட்டும். அதுக்காக அதைக் கூரை மேல எறியாதீங்க. கர்ப்பத்தில் 180 நாள், பெற்ற பிறகு 180 நாள் அது வேணும். நர்ஸம்மாகிட்ட சொன்னா வழி சொல்வாங்க. விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். கருப்பையைச் சுருங்க வைக்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு தையல் வலிக்குப் பயந்து அடக்குவோம். பத்தியம் என்று வீட்டில் கீரை, காய், தண்ணீர் எல்லாத்தையும் குறைப்பார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் கூடும். அவள் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது, மாமியார்களே! ஐ.பி.எஸ். பாலில் இறங்காது. பாலை நிறுத்த வேண்டாம்.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன். ஏழாம், எட்டாம் மாதத்தில் வலி விட்டுவிட்டு வந்தால், 'எப்பவும் வர்ற வயித்து வலிதானே' என்று படுத்துக்காதீங்க. குறைப்பிரசவ வலியும் அப்படித்தான் வரும், சில சமயம் பேதியோட. உடனே 108-ஐக் கூப்பிடுங்க. மலத்தில் ரத்தம், காய்ச்சல் இருந்தாலும் டாக்டரைப் பார்க்கணும். இரும்பு மாத்திரையால் மலம் கறுத்துப் போவது வேறு, அது மாத்திரையின் நிறம்.