கும்பிடு வேண்டாம், கணக்குக் கொடு!

(திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருவண்ணாமலை என்றதும் பலருக்குத் தீபம் எரியும் மலை நினைவுக்கு வரும். நான் நின்று பேசுவது அந்த ஊரிலன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பக்கத்தில், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மக்கள் வெள்ளம் பொங்கி வழியும் சிறு குன்றின் அடிவாரத்தில் நிற்கிறேன். பெயரோ பெரிது, ஊரோ சிறிது. ஆனால், சிறிய ஊரிலே பிறக்கும் எண்ணமும் சிறியதாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை!

இந்த வட்டாரத்திலே எனக்கொரு நண்பர் உண்டு, கொத்தனார் மகன். பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், சொல்லவில்லை. அவர் செம்மண்ணைச் சலிக்கிறார். அளவாகச் சிமெண்டு சேர்க்கிறார். நீர் தெளித்துப் பிசறி, கை இயந்திரத்திலே இட்டு அழுத்துகிறார். கல் பிறக்கிறது! சூளை இல்லை, விறகு இல்லை, புகை இல்லை. ஈரம் காயாமல் நான்கு வாரம் வைத்திருந்தால் சுவருக்கு ஆகிறது. ஆரோவில்லிலே பல்லாண்டுகளாகக் கற்பித்துவரும் முறைதான் இது. நண்பர் தம் பங்குக்கு, கல்லோடு கல் கோத்துக்கொள்ளும்படி மேடும் பள்ளமும் அமைத்தார். சாந்துச் செலவு குறைந்தது.

ஆனால் கையால் அழுத்தினால் நாளொன்றுக்கு எத்தனை கல்? விசை இயந்திரம் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். மனைவியின் சங்கிலி ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போய்விட்டது. "அண்ணே, புதுத் தொழிலுக்குச் சர்க்கார் பணம் தருகிறதாமே! நீங்கள் எழுதிக் கொடுத்தால் அதிகாரி அசந்து போவார்" என்றார்.

கேட்கவேண்டுமா! கல்லூரியைப் பாதியிலே விட்டவன், நாடகம் எழுதிப் பிழைப்பவன், மேடை ஏறினால் இறங்க மறுப்பவன் நான். எழுதினேன் நான்கு பக்கம்! ஏழையின் கண்ணீர், குடிசையின் ஓட்டை, மழையின் கொடுமை, மண்ணின் பெருமை எல்லாம் அதிலே அணிவகுத்தன. வந்தது பதில், ஒரே வரியில்: 'பரிசோதனைச் சான்று இணைக்கப்படவில்லை; திருப்பி அனுப்பப்படுகிறது.'

என் சினம் சீறிற்று. அடுத்த கூட்டத்திலே அந்த அலுவலகத்தை ஒரு கை பார்ப்பது என்றிருந்தேன். இரவு உறக்கம் வரவில்லை. மனத்திலே ஒரு காட்சி ஓடிற்று. கேளுங்கள்:

அதிகாரி: உங்கள் கல் எவ்வளவு பாரம் தாங்கும்?

விண்ணப்பதாரர்: நன்றாகத் தாங்கும், ஐயா.

அதிகாரி: நன்றாக என்றால்?

விண்ணப்பதாரர்: என் வீட்டுச் சுவரே சாட்சி, ஐயா!

அதிகாரி: சுவரைக் கோப்பிலே வைத்துத் தைக்க முடியுமா? சரி, விலை?

விண்ணப்பதாரர்: செங்கல்லைவிட மலிவு.

அதிகாரி: கூலி சேர்த்தா, சேர்க்காமலா?

விண்ணப்பதாரர்: அது... அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன்.

அதிகாரி: வாங்குபவர் யார்?

விண்ணப்பதாரர்: ஊரே வாங்கும், ஐயா!

அதிகாரி: ஊரிலே ஒருவராவது கையெழுத்திட்டுக் கொடுத்தாரா?

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், என்னை நினைத்து! அந்த அதிகாரி கேட்டதிலே எது தவறு? அது ஊரார் பணம். கண்ணீருக்கு இரங்கிக் கொடுப்பதானால் அது பிச்சை. கணக்கைப் பார்த்துக் கொடுப்பதானால் அது முதலீடு. நான் என் நண்பரைத் தொழிலதிபராக அனுப்பவில்லை, இரவலராக அனுப்பியிருந்தேன்.

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அறியாதார் உண்டோ? அதற்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் சுவை கூடிற்றா? இல்லை. நம் நாக்கு அறிந்திருந்ததை நாடு அறியும்படி ஒரு சான்று கிடைத்தது. கல்லுக்கும் அதுவே வழி.

ஆகவே, கல்லூரியை விட்டு ஓடியவன் கல் மூட்டையோடு ஒரு பொறியியற் கல்லூரி ஆய்வுக்கூட வாசலிலே போய் நின்றேன்! நண்பரும் வந்தார். மண்ணும் சிமெண்டும் சேர்ந்த கல்லுக்கென்றே இந்தியத் தர நிர்ணய விதி ஒன்று இருக்கிறது. அதன் எண் 1725. காய்ந்த கல்லை அழுத்திப் பார்த்தார்கள், தாங்கிற்று. நீரிலே ஊறவைத்து எடுத்து அழுத்தினார்கள், நொறுங்கிற்று! நண்பர் முகம் கறுத்தது. அன்றைக்கே பணம் வந்திருந்தால், அந்தக் கல்லை நம்பி எத்தனை குடும்பங்கள் ஐப்பசி மழையிலே படுத்துறங்கியிருக்கும்? சிமெண்டின் அளவைக் கூட்டினார், மண்ணின் கலவையை மாற்றினார். மீண்டும் நான்கு வாரம் காத்திருந்து, மீண்டும் சோதனை. இம்முறை தேறிற்று. நான் திட்டவிருந்த அந்த ஒற்றை வரி எங்களைக் காப்பாற்றிய வரி, தோழர்களே!

கணக்கில்லாமல் கொட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கே வீட்டுப் பஞ்சம். 1947-இல் லஸ்ட்ரான் என்றொரு நிறுவனம், எனாமல் பூசிய எஃகுத் தகட்டால் வீடு செய்கிறேன் என்றது. சர்க்கார் கடனாகக் கொடுத்தது 3 கோடியே 75 இலட்சம் டாலர்! ஆலை எழுந்தது, வீடும் உறுதியாகவே இருந்தது. ஆனால் விற்பனைக்கு வழி சரியாக வகுக்கப்படவில்லை. ஊருக்கு ஊர் கட்டட விதிகள் குறுக்கே நின்றன. ஏறத்தாழ 2,500 வீடுகளோடு 1950-இல் கதை முடிந்தது. பொருள் நன்றாயிருந்தால் மட்டும் போதாது, வாங்குவோனும் வேண்டும்.

இங்கேதான் சர்க்காரைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வி எழுகிறது. பணம் தரும் வாயில்கள் பல உண்டு, ஒப்புக்கொள்கிறேன். தமிழ்நாடு அரசின் புத்தொழில் ஆதார நிதி, 'டான்சீட்' என்பது, 10 இலட்சம் ரூபாய் தருகிறது. பெண்கள் நடத்தும் நிறுவனங்கள், பசுமைத் தொழில்கள் போன்றவற்றுக்கு 15 இலட்சம். பதிலுக்கு நிறுவனத்திலே சிறு பங்கு ஏற்கிறது. மாவட்டத் தொழில் மையத்தின் வழியே 'நீட்ஸ்' திட்டம், முதலீட்டிலே நூற்றுக்கு 25 பங்கு, 75 இலட்சம் வரையில், மானியம் என்கிறது. புதிய கட்டுமான முறைகளை ஆராய்ந்து சான்றளிக்க, 1990-இல் ஒன்றிய அரசு அமைத்த கட்டுமானப் பொருள் தொழில்நுட்ப மேம்பாட்டு மன்றம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்கள் தொடங்கிய 'த்வஸ்தா' நிறுவனம், அந்த வளாகத்திலேயே 600 சதுர அடி வீட்டை இயந்திரத்தால் அச்சிட்டுக் காட்டிற்று. 2021 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது.

இவ்வளவும் சரி. வாங்குவது யார்? அரசுக் கட்டடங்களுக்கு மதிப்பீடு போடும் பொறியாளர் கையிலே ஒரு விலைப்பட்டியல் இருக்கும். பட்டியலிலே இருந்தால் பொருள். இல்லாவிட்டால் அது வெறும் மண்! ஒரு கையால் மானியத்தைத் தந்து, மறு கையால் 'உன் கல் பட்டியலில் இல்லை' என்று கதவைச் சாத்தினால், விளக்கை ஏற்றிவிட்டு எண்ணெயை மறைத்து வைத்த கதையாகாதா?

மனம் வைத்தால் முடியும் என்பதற்குப் பெரும்பாக்கம் சான்று. முன்வார்ப்புக் கான்கிரீட் முறையிலே 1,152 வீடுகளை அரசே கட்டச் சொல்லிற்று. 2021 ஜனவரி முதல் நாள் அடிக்கல், 2022 மே திங்களில் திறப்பு விழா. பெரிய முறைக்குப் பெரிய வாய்ப்பு கிடைத்தது. சிறியவனுக்கு? 2030-க்குள் 8 இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலே தமிழ்நாடு அரசு அறிவித்தது. வீடொன்றுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய். அவற்றிலே நூற்றுக்கு ஒரு வீட்டின் சுவரை, சோதனையில் தேறிய உள்ளூர்க் கல்லுக்கு ஒதுக்கினால் 8,000 வீடுகள்! மானியம் எதற்கு அப்புறம்? கொள்முதல் ஆணையே மூலதனமாகிவிடாதா?

இராசபாளையத்துப் பி.ஏ.சி. இராமசாமி ராசா 1936-இல் பஞ்சாலை தொடங்கினார். அவர் நிறுவிய குழுமம் 1960-களின் தொடக்கத்திலே துலுக்கப்பட்டியில் சிமெண்டு ஆலை கண்டது. தொழில் முனைவு இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. பாதை தெரியாமல் நிற்பவர்களுக்குக் கை காட்டுவோர்தாம் தேவை.

அந்தக் கை நம் கையாக இருக்கட்டும். ஒவ்வொரு படிப்பகத்திலும் ஒரு மேசை போடுங்கள். ஆங்கிலப் படிவத்தைத் தமிழிலே விளக்க ஒருவர், கணக்கெழுத ஒருவர், ஆய்வுக்கூடத்துக்குத் துணைக்குப் போக ஒருவர் போதும். சான்று எங்கே, விலை என்ன, வாங்குபவர் யார் என்ற மூன்று கேள்விக்கும் விடை எழுதிய பிறகே தாளை அனுப்புங்கள். அதன் பிறகும் கதவு திறக்கவில்லையா? அப்போது மேடை போடுவோம், அப்போது முழங்குவோம். நியாயமும் கணக்கும் நம் பக்கம் நிற்கும்!

நண்பரின் இரண்டாவது விண்ணப்பம் போயிருக்கிறது. நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. என் அடுக்குமொழி ஒன்றுகூட அதிலே இல்லை. சோதனை முடிவு இருக்கிறது, விலைக் கணக்கு இருக்கிறது, வீடு கட்டப்போகும் மூவரின் கையெழுத்து இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. சங்கிலி இன்னும் மீளவில்லை. ஆனால் இம்முறை அவர் அலுவலகத்துக்குப் போனபோது கும்பிட்டுக் குனிந்து நிற்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளை நீட்டினார்.