நாம் போகிற இடத்தைப் போன் கம்பனியிடம் நம்பிக் கொடுக்கலாமா?

(பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடைபெற்ற மாதாந்தப் பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, தேத்தண்ணிகூட ஒழுங்காகக் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் போஷாக்கு, தடுப்பூசி, குடிதண்ணீர் பற்றித்தான் பேசுவோம். இன்றைக்குப் போனைப் பற்றிப் பேச்சு என்றதும், "இதெல்லாம் நலன்புரி வேலையா?" என்று ஒரு தாத்தா வாசலிலேயே கேட்டுவிட்டார். காரணம் இருக்கிறது தாத்தா, கேளுங்கள்.

போன மாதம் மேற்பிரிவிலிருந்து ஓர் அம்மா எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். மகள் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். சேர்ந்த வாரமே முதலாளி ஒரு போன் வாங்கிக் கொடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் காசைக் கழித்து வருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை வெள்ளவத்தையில் இருக்கிற பெரியம்மா மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை காலையில் முதலாளி கேட்கிறார்: "நேத்து வெள்ளவத்தையில ரெண்டு மணித்தியாலம் என்ன வேலை?" பிள்ளை நடுங்கிப் போய்விட்டாள். போவதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை, போனதை ஒருவரும் காணவும் இல்லை. அம்மா எங்களிடம் கேட்டது இதுதான்: "ஐயா, போன் செய்யிற கம்பனிக்காரன்தான் சொல்லிக் குடுத்தானா? அவனை நம்பலாமா, கூடாதா?"

அன்றைக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. படித்த பிள்ளைகளைக் கேட்டும் தேடிப் படித்தும் அறிந்துகொண்டதை இப்போது சொல்கிறோம்.

போனுக்கு நாம் இருக்கிற இடம் எப்படித் தெரிகிறது? வானத்தில் இருக்கிற செய்மதி நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செய்மதி நேரத்தைச் சொல்லிக்கொண்டே சுற்றுகிறது, கோயில் மணி மாதிரி. யார் யார் காதில் விழுந்தது என்று மணி அடிக்கிறவருக்குத் தெரியுமா? நான்கு செய்மதிகளின் சத்தத்தையாவது போன் கேட்டு, எது எவ்வளவு பிந்தி வந்தது என்று கணக்குப் பார்த்து, தான் நிற்கிற இடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அதுபோக மலை உச்சியில் நிற்கிற டவர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். கடை, வீடுகளில் வைத்திருக்கிற வைஃபை பெட்டிகளும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் எந்த டவர், எந்த வைஃபை என்று தெரிந்தாலே இடம் தெரிந்துவிடும். இதிலெல்லாம் குற்றமில்லை. தெரிந்துகொண்டதை போன் எங்கே எழுதி வைக்கிறது, யாருக்கு அனுப்புகிறது என்பதில்தான் வில்லங்கம்.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அலஸ்டயர் அலன், பீட் வோர்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஐபோனுக்குள்ளே ஒரு கோப்பு இருப்பதைக் காட்டினார்கள். அதில் பல மாதக் கணக்கு இடங்கள், நாள் நேரத்தோடு பதிவாகியிருந்தன. பூட்டு எதுவும் இல்லை. போனைக் கம்பியூட்டரோடு இணைத்தால் அந்தக் கோப்பு அதற்குள்ளும் போய்விடும். அந்தக் கம்பியூட்டரைத் திறக்கக்கூடிய எவரும், வீட்டுக்காரரோ வேலை கொடுத்தவரோ, எடுத்துப் பார்க்கலாம்.

அப்பிள் கம்பனி ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 27ஆம் திகதி விளக்கம் கொடுத்தது. நாங்கள் யாரையும் பின்தொடரவில்லை, அது பக்கத்து டவர், வைஃபை பெட்டிகளின் பட்டியல், சிலது நூறு மைலுக்கு அப்பாலும் இருக்கும் என்றார்கள். அதில் உண்மையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே விளக்கத்தில் இரண்டு பிழைகளையும் ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவு காலம் சேமித்தது பிழை. இடம் காட்டும் வசதியை நாம் நிறுத்தி வைத்த பிறகும் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு வந்தது பிழை. மே 4ஆம் திகதி திருத்தம் வந்தது. மே 10ஆம் திகதி அமெரிக்க செனற் சபைக் குழு ஒன்று அப்பிளையும் கூகுளையும் கூப்பிட்டு விசாரித்தது. பல மாதம் ஒரு குறையும் இல்லாதது போல இருந்தது, வெளியாள் இரண்டு பேர் திறந்து காட்டியதும் இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம்ம பக்கம். இங்கே யார் கையிலும் ஐபோன் கிடையாது, இருந்தால் அது கட்டார் போய் வந்த தம்பியிடம் இருக்கலாம். மற்ற எல்லோர் கையிலும் அன்ட்ரொய்ட். மேலே எழுதியிருக்கிற பெயர் என்னவாக இருந்தாலும் உள்ளே ஓடுகிற அன்ட்ரொய்ட் கூகுள் கம்பனியுடையது. கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்தில் இருந்து வருகிறது. யார் எந்தக் கடைப் பக்கம் போகிறார்கள் என்று தெரிந்தால் விளம்பரத்துக்கு விலை கூடும். இதை மறந்துவிட்டு நம்புவதா நம்பாமல் விடுவதா என்று பேசிப் பயனில்லை.

2017 நவம்பரில் ஒரு செய்தி நிறுவனம் கண்டுபிடித்தது: இடம் காட்டும் வசதியை நிறுத்தி, சிம் அட்டையைக் கழற்றி வைத்தாலும்கூட, இன்டர்நெட் கிடைத்ததும் அன்ட்ரொய்ட் போன்கள் பக்கத்து டவர்களின் இலக்கத்தைக் கூகுளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. கேட்டதும், சேமிக்கவில்லை, அந்த மாத முடிவுக்குள் நிறுத்துகிறோம் என்று சொன்னார்கள்.

அடுத்த வருடம், 2018 ஆகஸ்டில், அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி ஸ்தாபனம் இன்னொன்றை வெளியிட்டது. "லொக்கேஷன் ஹிஸ்டரி" என்று ஒரு சுவிட்ச் இருந்தது. அதை நிறுத்தினால் போகிற இடங்கள் சேமிக்கப்படாது என்று கூகுளே எழுதி வைத்திருந்தது. ஜனங்களும் நம்பி நிறுத்தினார்கள். ஆனால் "வெப் அன்ட் அப் அக்டிவிட்டி" என்று வேறொரு சுவிட்ச், வாங்கும்போதே திறந்தபடி, வேறொரு மூலையில் இருந்தது. அதன் வழியாக இடம் தொடர்ந்து பதிவானது. முன்கதவைப் பூட்டச் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்த கதை! செய்தி வந்த சில நாளில் அந்த எழுத்தை மாற்றினார்கள். பிறகு அரிசோனா மாநிலம் 2020இல் போட்ட வழக்கில் கம்பனியின் உள்கடிதங்கள் வெளியே வந்தன. இந்தத் திரையை ஜனங்கள் கண்டுபிடிக்க முடியாத மாதிரித்தான் அமைத்திருப்பது போலத் தோன்றுகிறது என்று கூகுள் ஊழியர் ஒருவரே எழுதியிருந்தார். இந்தத் திரை நமக்கு விளங்கவில்லையே, படிப்புக் குறைவுதான் காரணம் என்று வெட்கப்படுகிற அம்மாமார் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே வேலை செய்தவருக்கே அது குழப்பமாக இருந்திருக்கிறது.

அரிசோனா வழக்கு 2022 ஒக்டோபரில் எட்டரைக் கோடி டொலருக்குச் சமரசமானது. அடுத்த மாதம் 40 மாநிலங்களோடு 39 கோடியே 15 இலட்சம் டொலர். அவுஸ்திரேலிய நீதிமன்றம் அதே வருடம் 6 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. 2025 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்துக்கு, வேறு முறைப்பாடுகளும் சேர்த்து, 137 கோடியே 50 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கினார்கள். கேட்கத் தலை சுற்றுகிறது, இல்லீங்களா? ஆனால் கூகுளின் தாய்க் கம்பனிக்கு 2022இல் வந்த மொத்த வருமானம் சுமார் 28,280 கோடி டொலர். 365 நாளால் பிரித்துப் பாருங்கள். நாற்பது மாநிலங்களுக்குக் கொடுத்தது அரை நாள் வருமானம். ஒரு நாள் பிந்தி வந்தால் நமக்கு அரைப்பேர் போடுகிறார்களே, அவ்வளவுதான்.

எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? தராசு வைத்திருக்கிறவர் கெட்டவர் என்று சண்டைக்குப் போவதில்லை. அதற்காக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதும் இல்லை. முள்ளைப் பார்க்கிறோம், சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று கேட்கிறோம், துண்டில் எழுதியதை வீட்டில் போய்க் கூட்டிப் பார்க்கிறோம். (இந்த உதாரணத்துக்காக யாரும் எங்களைக் கோபிக்கக்கூடாது.) போன் கம்பனியிடமும் அப்படித்தான் நிற்க வேண்டும். அவர்கள் திருத்தியதெல்லாம் யாரோ ஒருவர் முள்ளைப் பார்த்ததால்தான். 2023 டிசம்பரில், போன இடங்களின் பதிவை இனித் தங்கள் கம்பியூட்டரில் வைக்காமல் அவரவர் போனிலேயே வைப்பதாகக் கூகுள் அறிவித்தது. நல்ல காரியம், பாராட்டலாம். ஆனால் அத்தனை வழக்கு, செய்தி எல்லாவற்றுக்கும் பிறகுதான் அதுவும் வந்தது.

நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருகிற திகதி பிறகு தள்ளிப் போடப்பட்டது. சட்டம் வந்து காப்பாற்றும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

இப்போது அந்தப் பிள்ளையின் கதைக்கு வருவோம். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது போனை வாங்கிப் பார்த்தோம். கம்பனிக்காரன் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. போனுக்குள் இருந்த ஜிமெயில் கணக்கு முதலாளி திறந்தது, பாஸ்வேர்ட் அவரிடம். வரைபடத்தில் "இருக்கும் இடத்தைப் பகிர்" என்பதையும் தன் பெயருக்குத் திறந்து வைத்துவிட்டுத்தான் பிள்ளை கையில் கொடுத்திருக்கிறார். ஞாயிறு முழுக்கத் தன் போனிலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆக, கம்பனி செய்து வைத்த கதவுதான். அதில் நுழைந்தவர் பக்கத்தில் இருக்கிற மனிதர்.

இது நம்ம லயங்களிலும் நடக்கிற காரியம். டவுனில் போன் வாங்கும்போது கடைத் தம்பியே கணக்குத் திறந்து கொடுக்கிறார். பாஸ்வேர்ட் அவருக்குத்தான் தெரியும். தொலைந்த போனைத் தேடுகிற வசதி ஒன்று இருக்கிறது. கணக்கும் பாஸ்வேர்டும் உள்ளவர் அதை வைத்து அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். வேறு சில வீட்டில் ஒரே கணக்கை மூன்று போனில் போட்டிருக்கிறார்கள். அதனால் வருகிற வினையையும் கேளுங்கள். 2018 டிசம்பரில் அரிசோனாவில் கிடங்குத் தொழிலாளி ஒருவரைக் கொலை வழக்கில் பொலிஸ் பிடித்தது. கொலை நடந்த இடத்தில் அவருடைய போன் இருந்ததாகக் கூகுள் பதிவு காட்டியதும், அவருடையது போன்ற கார் ஒன்று படத்தில் தெரிந்ததும்தான் காரணம். அந்த மனிதர் மற்றவர்களின் போனிலும் தன் கணக்கைத் திறக்கிற பழக்கம் உள்ளவர். கிட்டத்தட்ட ஒரு வாரம் உள்ளே இருந்த பிறகே விட்டார்கள். அவரும் நம்மைப் போல நாள் முழுக்க உழைக்கிறவர்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா என்று பின்வரிசைத் தம்பி கேட்கிறார். வேண்டாம். 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த வளைவில் திரும்ப வேண்டும் என்று வழி சொல்லத் தெரியாமல் தவிக்கிறோமே, அந்த நேரத்தில் இடத்தை அனுப்பத் தெரிந்தால் நேரம் மிச்சம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளிலும் திறந்தே வையுங்கள். மற்ற நாளில், எந்தெந்த அப் இடத்தைக் கேட்கிறது என்று செட்டிங்ஸில் லொக்கேஷன் பகுதியில் பாருங்கள். வரைபடத்துக்கு "பயன்படுத்தும்போது மட்டும்" போதும். டோர்ச் லைட்டுக்கும் பாட்டுக் கேட்கிற அப்புக்கும் நாம் நிற்கிற இடம் எதற்கு? மறுத்துவிடுங்கள், வெளிச்சம் குறையாது. நான் சொன்ன அந்த இரண்டாவது சுவிட்ச் கூகுள் கணக்குக்குள்ளே இருக்கிறது. அதையும் தேடி நிறுத்துங்கள். ஆனால் சிம் போட்டுப் போன் டவரோடு தொடர்பில் இருக்கும்வரை எந்த டவரின் கீழ் நிற்கிறோம் என்று சிம் கம்பனிக்குத் தெரியும். அதை எந்தச் சுவிட்சாலும் மறைக்க முடியாது. அமெரிக்காவில் சிம் கம்பனிகள் நான்கு, அப்படித் தெரிந்ததை மற்றவர்களுக்குக் கொடுத்ததற்காக 2024 ஏப்ரலில் ஏறக்குறைய 20 கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டன.

ஓர் அப்பா எங்களிடம் தனியாகச் சொன்னார்: "பொம்பளப் புள்ள எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா நமக்கு நிம்மதிதானே ஐயா?" நியாயம்தான். பிள்ளைக்குத் தெரிந்து, பிள்ளை சம்மதித்துப் பகிர்ந்தால் நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. ஒளித்துச் செய்தால் அந்த முதலாளி செய்ததற்கும் நீங்கள் செய்வதற்கும் வித்தியாசம் என்ன என்று அவரைக் கேட்டோம். பதில் சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்று போனார்.

கொழும்புப் பிள்ளை போன் காசில் இன்னும் இரண்டு மாதத் தவணை கட்ட வேண்டும். கட்டி முடித்ததும் முதலாளியின் கணக்கை அவரைக் கொண்டே எடுப்பித்து, சொந்தக் கணக்குத் திறப்பதாக முடிவு செய்திருக்கிறோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போனை அறையிலேயே வைத்துவிட்டு வெளியே போகிறாள். வாரத்தில் அம்மாவோடு ஆறுதலாகப் பேசக்கூடிய ஒரே நாள் அதுதான். இப்போது அம்மா இரவு எட்டு மணி வரை காத்திருக்கிறார்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே நிலையத்தில் இருப்போம். போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டு வாருங்கள், கரண்டை நம்ப முடியாது. பாஸ்வேர்ட் கடைத் தம்பியிடம் இருந்தால் சனிக்கிழமை டவுனுக்குப் போகும்போதே கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். தாத்தா, நீங்களும் வாருங்கள். உங்கள் பேரன் வாங்கிக் கொடுத்த போன் யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்போம்.