பணக்கார நாட்டின் ஏழைக்குப் பொறுப்பு யார்?

(சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் நேரம் போதாதவர்கள் நீங்கள். அந்த வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நம் சந்தில் ஒரு பையன் என்னைக் கேட்டான்: "மாமா, அமெரிக்காவிலே ஏழைங்க உண்டா?" நான் வாய் திறப்பதற்குள் அவன் அம்மா பதில் சொல்லிவிட்டார்: "போடா, அங்கே குப்பை அள்ளுறவன்கூடக் காரிலேதான் வருவான்." சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அமெரிக்காவில் குப்பை அள்ளியவன் எப்படிப் பிழைத்தான், எப்படிச் செத்தான் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்த நாட்டு அரசே வெளியிட்ட கணக்கின்படி 2024-ஆம் ஆண்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 3 கோடியே 59 லட்சம் பேர். நூற்றுக்கு 10.6 பேர். உலகத்திலேயே பெரிய பொருளாதாரம் என்று பெயர் வாங்கிய நாட்டில், பத்துப் பேரை நிற்க வைத்தால் ஒருவர் ஏழை!

அந்தக் கோட்டைக் கிழித்தது யார்? 1960-களின் தொடக்கத்தில் மாலி ஓர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர் ஒரு கணக்குப் போட்டார். ஒரு குடும்பம் மிகச் சிக்கனமாகச் சாப்பிட எவ்வளவு செலவாகும் என்று பார்த்தார். அந்தக் காலத்தில் குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்குப் போயிற்று. ஆகவே சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கினார். அதுதான் வறுமைக் கோடு. விலைவாசிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டு வந்தார்களே தவிர, அடிப்படையில் இன்றும் அதே கோடுதான். இன்று அங்கே வாடகையும் வைத்தியமும் வருமானத்தை விழுங்குகின்றன. கோலி வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்க்கிற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறவன் பணக்காரன் ஆகிவிட மாட்டான்.

"ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான்? சோம்பேறி, அதனால்தான்" என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு வைக்கிறேன். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஏற்றவில்லை. வாரம் 40 மணி நேரம், வருஷம் 52 வாரம், ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் வேலை செய்தால் 15,080 டாலர் வரும். 2024-இல் உதவித் திட்டங்களுக்காக அரசு வைத்த வறுமை வரம்பு, தனி ஆளுக்கு 15,060 டாலர். இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு 20,440 டாலர். ஆக, வருஷம் முழுக்க ஓய்வில்லாமல் உழைத்த தனி ஆள் கோட்டைத் தாண்டுவது 20 டாலரால். அவர் கையில் ஒரு குழந்தை இருந்துவிட்டால் கோட்டுக்குக் கீழே! பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாகக் கூலி வைத்திருப்பது உண்மை. ஆனால் மிசிசிப்பி, அலபாமா, டென்னசி போன்ற தென் மாநிலங்களில் தனியாகக் கூலிச் சட்டமே இல்லை. மத்திய அரசின் 7.25 டாலர்தான். இதிலே சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது, தோழர்களே? இங்கே குறைவாக இருப்பது கூலி, உழைப்பு அல்ல.

அந்த டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் என்று ஒரு நகரம். 1968-இல் அந்த நகரத்தின் குப்பையை அள்ளியவர்கள் சுமார் 1,300 பேர்; கறுப்பின மக்கள். பலர் பருத்திக் காடுகளில் பிழைக்க வழியில்லாமல் நகரத்துக்கு வந்தவர்கள். நம்மைப் போல மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வேலை செய்தும், நிவாரண உதவி கேட்கத் தகுதி உள்ள அளவுக்குத்தான் அவர்களில் பலருக்குச் சம்பளம். மழை பெய்தால் கறுப்புத் தொழிலாளிக்குக் கூலி வெட்டு. வெள்ளை மேற்பார்வையாளருக்கு முழுச் சம்பளம்.

1968 பிப்ரவரி 1. கொட்டுகிற மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்கள் ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பக்கத்துக்குள் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் திடீரென்று ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரையும் குப்பையோடு குப்பையாக நசுக்கிக் கொன்றுவிட்டது. பழுதான வண்டிகளைப் பற்றித் தொழிலாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. மணிக்கூலிக்காரர்கள் என்பதால் சட்டப்படியான விபத்து இழப்பீடும் அந்தக் குடும்பங்களுக்குக் கிடையாது.

பிப்ரவரி 12-ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. கூலியை உயர்த்து, சங்கத்தை அங்கீகரி என்று கேட்டார்கள். மேயர் ஹென்றி லோப் மறுத்தார். தொழிலாளர்கள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அந்த அட்டையில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "நான் ஒரு மனிதன்." கூலியை அடுத்துக் கேட்டுக்கொள்ளலாம், முதலில் நான் மனிதன் என்பதை ஒத்துக்கொள் என்பதுதான் அதற்குப் பொருள்.

அவர்களுக்குத் துணை நிற்க வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங். கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோ வழியினரும் செவ்விந்தியரும் சேர்ந்து வாஷிங்டனில் போய் உட்கார்ந்து வேலையும் வருமானமும் கேட்கிற "ஏழை மக்கள் இயக்கம்" ஒன்றை அவர் அப்போது திரட்டிக்கொண்டிருந்தார். ஒரு நகரத்துக் குப்பைத் தொழிலாளர் போராட்டம் அதைவிடச் சின்னது என்று அவர் நினைக்கவில்லை. ஏப்ரல் 4-ஆம் தேதி மெம்பிஸிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-ஆம் தேதி நகர நிர்வாகம் இறங்கிவந்தது. சங்கம் அங்கீகாரம் பெற்றது, கூலியும் உயர்ந்தது.

கிங் நம் நாட்டுக்கு அறியாதவர் அல்லர். 1959-இல் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமை ஆசிரியர் அவரை, "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும், நம்மைப் போன்ற தீண்டப்படாதவர்" என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி; கொஞ்சம் வருத்தமும்கூட. பிறகு தன் நாட்டில் வறுமையில் அடைபட்டுக் கிடக்கும் இரண்டு கோடிக் கறுப்பின மக்களை நினைத்துப் பார்த்தார். ஆமாம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று தனக்குள் ஒத்துக்கொண்டார். இதை 1965-இல் அவரே தன் சபையில் சொன்னார்.

வறுமை கறுப்பருக்கு மட்டும்தானா? இல்லை. எண்ணிக்கையில் பார்த்தால் வெள்ளை ஏழைகளே அதிகம். 1964-இல் ஜனாதிபதி ஜான்சன் "வறுமைக்கு எதிரான போர்" என்று அறிவித்துவிட்டுப் போய் உட்கார்ந்தது, கென்டக்கி மலைப்பகுதியில் வேலையில்லாத ஒரு வெள்ளையரின் வீட்டுத் திண்ணையில்தான். ஆனால் விகிதத்தைப் பார்த்தால், கறுப்பரிடையே வறுமை வெள்ளையரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது தலையெழுத்து அல்ல. சட்டத்தில் எழுதிய எழுத்து. 1935-இல் அமெரிக்கா முதியோர் ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் இரண்டு பிரிவினரை வெளியே நிறுத்தியது: பண்ணைக் கூலிகள், வீட்டு வேலைக்காரர்கள். தெற்கே கறுப்பின மக்கள் பெரும்பாலும் செய்த வேலைகள் இவைதான்! 1938-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் இவர்களைச் சேர்க்கவில்லை. கூலிச் சட்டத்துக்குள் பண்ணைத் தொழிலாளர்கள் நுழைய 1966 வரையிலும், வீட்டு வேலை செய்வோர் நுழைய 1974 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தலைமுறை உழைத்து ஓய்ந்தே போயிற்று.

சரி, அரசாங்கம் மனது வைத்தால் வறுமை குறையுமா? குறையும். 1959-இல் அமெரிக்காவில் நூற்றுக்கு 22.4 பேர் ஏழைகள். 1964-இல் உணவுக் கூப்பன் சட்டம் வந்தது. 1965-இல் முதியோருக்கும் ஏழைகளுக்கும் மருத்துவத் திட்டங்கள் வந்தன. ஓய்வூதியம் உயர்ந்தது. பொருளாதார வளர்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1973-இல் அந்த 22.4 பாதியாகி 11.1 ஆயிற்று. 1959-இல் முதியவர்களில் நூற்றுக்கு 35 பேர் ஏழைகள். இன்று சுமார் பத்துப் பேர். கிழவர்கள் திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டதாலா வறுமை குறைந்தது? இல்லை, ஓய்வூதியம் வந்ததால் குறைந்தது.

இன்னொரு சாட்சி, நம் கண்ணெதிரே நடந்தது. கொரோனா காலத்தில், 2021-இல், குழந்தை உள்ள குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு உதவியை உயர்த்தியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வருஷத்துக்கு 3,600 டாலர். மற்றப் பிள்ளைகளுக்கு 3,000 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை அதில் பாதியை மாதாமாதம் நேராகக் கொடுத்தார்கள். அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கின்படி, அந்த ஆண்டு குழந்தைகளின் வறுமை நூற்றுக்கு 5.2 ஆக இறங்கியது. அதை நீட்டிக்க செனட் சபையில் வாக்குப் போதவில்லை. உதவி நின்றது. 2022-இல் அதே கணக்கு 12.4 ஆக ஏறியது. ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கும் மேல்! அந்தத் தாய் தகப்பன்கள் மாறவில்லை. பிள்ளைகள் மாறவில்லை. மாறியது அரசாங்கத்தின் முடிவு ஒன்றுதான்.

அதே போக்கில் 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம், ஏழைகளின் மருத்துவத் திட்டத்தையும் உணவு உதவியையும் வெட்டியது. இதனால் 2034-க்குள் மேலும் ஒரு கோடிப் பேர் மருத்துவக் காப்பீடு இல்லாமல் நிற்பார்கள் என்பது அவர்களுடைய நாடாளுமன்றத்தின் நிதிக் கணக்கு அலுவலகம் போட்ட மதிப்பீடு.

"அங்கே மாதா கோவில்களும் தர்ம ஸ்தாபனங்களும் சாப்பாடு போடுகின்றனவே?" என்று சிலர் கேட்கலாம். போடுகின்றன. ஏளனம் செய்யக்கூடாது. பசித்தவனுக்கு இன்றைக்குச் சோறு வேண்டும். சட்டம் வரும்வரை வயிறு காத்திருக்காது. ஆனால் தர்மம் கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. உரிமை அப்படி அல்ல. தர்மத்துக்குக் கை ஏந்த வேண்டும்; உரிமைக்கு ஏந்த வேண்டாம். மெம்பிஸ் தொழிலாளர்கள் அட்டையில் "தயவு செய்யுங்கள்" என்றா எழுதினார்கள்?

தோழர்களே, முடிக்கப்போகிறேன். அமெரிக்காவைப் பற்றி இவ்வளவு பேசியது அந்த நாட்டைத் திட்டுவதற்காக அல்ல. நாடு பணக்கார நாடு ஆகிவிட்டால் ஏழை தானாக மறைந்துவிடுவான் என்ற நம்பிக்கை பொய் என்பதைக் காட்டத்தான். செல்வம் பெருகுவது ஒரு வேலை. அதைப் பங்கிடுவது வேறு வேலை. இரண்டாவது வேலையை யாராவது கேட்டு வாங்கினால்தான் நடக்கும்.

இன்னொன்றையும் மனம் நொந்து சொல்கிறேன். அமெரிக்கச் சட்டம் வீட்டு வேலைக்காரியை வெளியே நிறுத்தியது என்று சொன்னபோது, இங்கே பின்வரிசையில் சில தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கவனித்தேன். நேற்று இரவு நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினேன். மில்லில் இருந்தவர், துறைமுகத்தில் இருப்பவர், இட்லி வியாபாரி, எல்லோர் பெயரும் இருக்கிறது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நம் சகோதரிகளின் பெயர் இல்லை. கான்டிராக்டரிடம் குப்பை லாரியில் போகும் பிள்ளைகளின் பெயர் இல்லை. காலையில் நாக்காவில் வேலைக்கு நிற்கும் புதியவர்களின் பெயரும் இல்லை. சந்தா கட்ட முடியாது என்று நாமே முடிவு கட்டிவிட்டோமா? அப்படியானால் 1935-இல் சட்டம் எழுதியவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அரசாங்கத்தைக் கேட்போம், உரக்கக் கேட்போம். அதற்கு முன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவோம். சந்தாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பெயரை எழுதுவோம். என்னோடு வர விருப்பமுள்ளவர்கள், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.