அணைக்கரைப் பாதைக்கு எந்த டயர்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்துக்கு நான் கையில் கட்டோடு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். "இந்த வயசுல சைக்கிள் தேவையா சார்?" என்று லிஃப்டில் பலரும் அக்கறையோடு கேட்டீர்கள். வீட்டிலும் அதே கேள்விதான். நானும் சைக்கிளை விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், பிசகு வேறு இடத்தில் என்று தெரிந்தது. நம் பார்க்கிங்கில் இப்போது ஏழெட்டு ரோடு பைக் நிற்கின்றன. யாரும் என்னைப் போல விழக் கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன்.

என் மகன் வாங்கித் தந்த பைக்கில் 700×25 டயர். அதாவது 25 மில்லிமீட்டர் அகலம். தார் ரோட்டுக்கு அருமை. நான் அதில் 100 பிஎஸ்ஐ காற்றடித்துக்கொண்டு கெலவரப்பள்ளி கால்வாய் ஓர மண் பாதையில் இறங்கினேன். கல் போல இறுகிய டயர், சிறு ஜல்லி மேல் ஏறியதும் வழுக்கிவிட்டது. மணிக்கட்டில் விரிசல், ஆறு வாரம் கட்டு.

நாம் இளவயதில் ஓட்டிய பெரிய சைக்கிளை நினைத்துப் பாருங்கள். அதன் டயர் 28×1½. அகலம் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர். பால் கேனும் நெல் மூட்டையும் ஏற்றிக்கொண்டு வரப்பிலும் ஏரிக்கரையிலும் அதுதான் போனது. இன்று 'கிராவல் டயர்' என்று விற்பதும் ஏறக்குறைய அதே அகலம்தான். அகலமான டயரில் காற்றைக் குறைத்து வைக்கலாம். அது கல் மேல் அமுங்கிக் கொடுத்து, தரையைப் பிடித்துக்கொள்ளும். பழைய டயரையே ரோடு பைக்குக்குப் போட முடியாது. அதன் ரிம் அளவு 635, நம்முடையது 622. டயரின் பக்கவாட்டில் 32-622 என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் அளவு.

அடுத்து நான் செய்த இரண்டாவது தவறு. கட்டு அவிழ்த்ததும் அவசரப்பட்டு 35 டயர் ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். மாட்டினால் பின்சக்கரம் கம்பியில் உரசுகிறது. பிரித்த டயரைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. பாங்கில் முப்பது வருஷம் கணக்கு சரிபார்த்தவன், இடைவெளியைச் சரிபார்க்கவில்லை!

ஆகவே முதலில் இடைவெளியை அளங்கள். 4 மில்லிமீட்டர் அலன் கீ ஒன்றை எடுத்து, முன் ஃபோர்க், பின்சக்கரத்தின் இருபக்கக் கம்பிகள், பிரேக்கின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் டயரைச் சுற்றி நுழைத்துப் பாருங்கள். புது டயர் மாட்டிய பிறகும் அவ்வளவு இடம் மிஞ்ச வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள பழைய பைக்குகளில் பெரும்பாலும் 28க்கு மேல் போகாது. டிஸ்க் பிரேக் பைக்குகளில் பலவற்றில் 32 போகும். அகலமான ரிம்மில் டயர் அச்சிட்டதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உப்பும். அதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து பட்டன். பெரிய பட்டன் டயர் பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் அது சேற்றுக்கு. நம் வழி பாதி தார், பாதி காய்ந்த மண். நடுவில் வழவழப்பு, ஓரங்களில் சின்னப் பட்டன் இருந்தால் போதும். கருவேல முள்ளும் நெருஞ்சியும் இருப்பதால், உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். டியூபும் புது அகலத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

கடைசியாகக் காற்று. என் எடை 68 கிலோ. இப்போது 32 டயரில் முன்னே 45, பின்னே 50 பிஎஸ்ஐ வைக்கிறேன். உங்கள் எடைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். டயரிலும் ரிம்மிலும் போட்டுள்ள உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள். ரொம்பக் குறைத்தால் டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். ரோடு பைக்கின் ஒல்லி வால்வு பல பஞ்சர் கடை பம்புகளில் பொருந்தாது. அதற்கான சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். தரைப்பாலத்தில் ஆற்று நுரை ஏறி நிற்கும் நாளில் திரும்பி வந்துவிடுங்கள். அடியில் பள்ளமா ரோடா என்று தெரியாது. அங்கே எந்த டயரும் காப்பாற்றாது.

நான் மறுபடி ஓட்டத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் காலையில் கதவைத் திறந்து விடுகிறார்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு பார்க்கிங்கில் அலன் கீயோடு இருப்பேன். டயர் வாங்குவதற்கு முன்னால் வாருங்கள். வாங்கிய பிறகு வந்தால், என்னிடம் ஏற்கெனவே ஒரு ஜோடி 35 சும்மா கிடக்கிறது!