பூதவாதிக்குப் பதில் சொல்ல இடமில்லை
(இரவுப் பள்ளிக்கூடத்தில் பேசியது)



படித்தால் கூலி கூடுமா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு முன் ஏட்டின் கதையைக் கேளுங்கள்.

பனையோலை ஏடு சில நூறு ஆண்டுகள்தான் தாங்கும். கரையான் அரிப்பதற்குள் ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணியால் மறுபடி எழுதவேண்டும். எழுதினால் நூல் உண்டு, இல்லையேல் இல்லை. நம் காவிரிக் கரையில் அந்த வேலை நடந்த இடங்கள் திருவாவடுதுறை, தருமபுரம் மடங்கள். தஞ்சை அரண்மனைச் சரசுவதி மகால். மடத்துக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நட்டவன் மட்டும் ஏட்டைத் தொட வழியில்லை.

குண்டலகேசி பௌத்த நூல். சில பாட்டுகளே மிச்சம். அதை மறுத்த சமண நூல் நீலகேசி கிடைத்திருக்கிறது. வழக்கில் ஒரு கட்சி மட்டும்!

மறுபிறப்பு இல்லை என்ற உலகாயதர் கதி இன்னும் மோசம். அவர்கள் பேச்சைக் கேட்க எதிராளி வீட்டுக்குத்தான் போகவேண்டும். அணுவைப் பற்றிப் பேசிய கிரேக்க நாட்டு டெமாக்ரிட்டஸுக்கும் இதே கதிதான்.

கும்பகோணம் கல்லூரி ஆசிரியர் உ. வே. சாமிநாதையர் 1898-ல் அச்சிட்ட மணிமேகலையில் ஒரு பூதவாதி வருகிறான். பூவும் வெல்லமும் கூடினால் கள்ளின் வெறி பிறக்கிறது. அதுபோல் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்டதே மெய் என்கிறான். மணிமேகலை சிரிக்கிறாள்: உன் தாய் தகப்பனை எப்படி அறிந்தாய்? கெட்டிக்காரக் கேள்விதான். ஆனால் அவன் பதில் நூலில் இல்லை.

அந்தப் பக்கத்தை இப்போது வாசிப்போம். பதிலை நீங்கள் சொல்லுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும்.